வானத்துலேந்து விழுந்த ஹிந்திப் பெட்டி

19.1.2020, ஞாயிறு

ஆமா, பெட்டி எங்க வயல்லதான் கெடந்துச்சு. அதுக்கு என்ன இப்ப? காலையிலேந்து நாப்பது பேரு கேட்டாச்சு. டீ டம்ளர் ஒசரத்துல வெள்ளப் பெட்டி, ஒரு ஒயரு, கிழிஞ்ச ரப்பரு. சேத்துக்கு நடுவுல நாலு ஹிந்தி எழுத்து. போதாதா?

"எண்ணெய் கம்பெனிக்காரன் சர்வே பண்ணி வச்சுட்டுப் போயிருக்கான்!" ஊர்க் கமிட்டி இராஜாங்கம் கத்துனாரு. கம்பெனிக்கு எதிரா பந்தல் போட்டு உக்காந்தவரு, பெட்டியப் பாத்தா விடுவாரா? "கோவிந்தராசு கையெழுத்து போடாம அவன் எப்படி வயல்ல எறங்குனான்?"

கோவிந்தராசு எங்கப்பா. தாத்தா பண்ணைக்குக் கூலியா நட்ட மண்ணு அது. சண்ட போட்டு பட்டா வாங்குனது. அத வித்துட்டாராம்! அப்பா ஒரு வார்த்த பேசல. பேசிருக்கலாம்.

20.1

அறுப்பு மெஷின் வரல. இராஜாங்கம் நெலத்த தாண்டித்தான் எங்க வயலுக்கு வரணும். "உண்மையச் சொல்லட்டும், வழி விடுறேன்"ங்குறாரு. நெல்லு முத்தித் தல சாஞ்சிடுச்சு. இன்னும் ரெண்டு வாரம் போனா மணியெல்லாம் சேத்துல.

அம்மா சொல்லுது: "காலேஜத்தான் விட்டுட்ட, இதையாவது புடி."

21.1

கமிட்டி பெட்டியப் பூட்டி வச்சிருச்சு. அதுக்கு முன்னாடி நான் எடுத்த போட்டோவ போன்ல மொழிபெயர்த்துப் பாத்தேன். வானிலை ஆபீஸ் பெட்டியாம்! பக்கத்துல அந்த ஆபீஸ் காரைக்கால்லதான் இருக்கு. ஒரத்தநாட்டுலேந்து மூணு பஸ் மாறி காரைக்கால் போனேன்.

அங்க ஹமீதா பானுன்னு ஒருத்தங்க. என் வயசுதான் இருக்கும். தெனம் பலூன்ல இந்த மாதிரிப் பெட்டியக் கட்டி வானத்துல விடுறவங்க. போட்டோவப் பாத்ததும், "எங்க பெட்டிங்க! அவ்ளோ தூரம் வந்துச்சா?"ன்னு துள்ளுறாங்க. இங்க எங்கப்பா மானம் போவுது!

"இத்தன வருஷமா விழல, இப்ப மட்டும் ஏன்?"

"இருவது, இருவத்தஞ்சு கிலோமீட்டர் மேல காத்து மொற வச்சு அடிக்கும். ஒரு வருஷம் போல மேக்கேந்து, அப்புறம் கெழக்கேந்து. இப்ப மேக்கு மொற. பெட்டியெல்லாம் கடலுக்குப் போயிடணும். ஆனா நடுவுல கெழக்கு பூந்துருச்சு. நாலு வருஷம் முன்னாடியும் இப்படித்தான். அதுக்கு முன்ன அறுவது வருஷமா கெடையாது."

"வாய்க்கால்ல மொறத் தண்ணி விடுற மாதிரி. எவனோ நடுவுல மடையத் தொறந்துட்டான்."

சிரிச்சாங்க. "யாருன்னுதான் தேடுறோம். பூமி சூடாக சூடாக நம்ம தலைக்கு மேல காத்து வேகமா ஏறி, துருவத்துல போயி எறங்குது. அதுதான் மொறையக் கலைக்குதோன்னு சந்தேகம். உறுதியாத் தெரியாது. அதுக்குத்தான் தெனம் பலூன்."

அப்புறம், "நீங்க என்ன படிக்கிறீங்க?"

"மெக்கானிக்கல். விட்டுட்டேன்."

"நல்லது. இல்லன்னா இங்க வந்துருக்க மாட்டீங்க."

மூணு பஸ்ஸுலயும் சிரிச்சுக்கிட்டே வந்தேன். பைத்தியமா எனக்கு?

26.1, கிராம சபை

பலூன் விடுற வீடியோவக் காட்டுனேன். இராஜாங்கம் சொல்றாரு: "வீடியோவுல என் மருமவன் நிலாவுல நிக்கிறான்டா."

"ஆபீஸ் லெட்டர் வருது, பத்து நாளுல."

"அதுவும் ஹிந்தியிலயா? வானத்துலேந்து விழுதுன்னா இன்னொண்ணு விழட்டும். நானே மெஷினக் கூட்டியாறேன்."

ஊரே கை தட்டுச்சு. நானும் ஆத்திரத்துல "விழும்!"னுட்டேன். என்ன வாயி இது எனக்கு?

28.1

கழுத்து வலி. வானத்துல கொக்குதான்.

30.1

நெல்லு உதிர ஆரம்பிச்சிருச்சு. அப்பா கையில அள்ளிப் பாத்துட்டு அப்படியே போட்டாரு. ஹமீதா போன் பண்ணாங்க: "காத்து இன்னும் உங்க பக்கம்தான். சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா மேல பாருங்க."

31.1

விழுந்துருச்சு!

காலையில ஏழு மணி இருக்கும். வெள்ளையா ஒண்ணு சுத்திச் சுத்தி எறங்குது. நான் போட்ட கத்துல பாதி ஊரு வெளிய வந்துருச்சு. அது நேரா போயி இராஜாங்கம் தென்ன மரத்துல மாட்டுச்சு! ரப்பரு படபடன்னு அடிக்குது. அவரு வேட்டியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. "டேய், இது என்னுது இல்லடா! எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல!"

எங்கம்மா சும்மா இருக்குமா? "நீங்க எப்பண்ணே கையெழுத்து போட்டீங்க?"

அப்பா சிரிச்சாரு. பன்னெண்டு நாளா மூடியிருந்த வாயி. வயித்தப் புடிச்சிக்கிட்டு வரப்புல உக்காந்துட்டாரு. இராஜாங்கம் அவரையே பாத்தாரு, அப்புறம் பக்கத்துல போயி உக்காந்தாரு. என்ன பேசுனாங்கன்னு தெரியல. எந்திரிச்சு வந்து யாருக்கோ போன் போட்டாரு.

சொன்ன மாதிரியே மெஷின் வந்துருச்சு, முன்னாடி அவருதான் வழி காட்டிக்கிட்டு வர்றாரு. ஹமீதாவுக்கு இன்னும் சொல்லல. பெட்டிய நேர்லயே கொண்டு போயி குடுத்துடலாமா? மூணு பஸ்ஸுதானே. மரத்துல ஏற ஆளு இல்லன்னு கூப்புடுறாங்க, நான் போவணும்.