ஊரைக் கேட்கச் சொன்னவர்

அண்ணாச்சி,

இன்று காலை உங்கள் வீட்டுக்கார மயினி வந்து உங்கள் கறுப்புக் குடையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். "ஆணியில சும்மாத்தான் தொங்குது தம்பி. மழைக்குள்ள கூட்டத்துக்குப் போறியளே, பிடிச்சுக்கிடுங்க" என்றார்கள். விரித்ததும் ஆவாரம்பட்டை வாடை வந்தது. தோல் பதனிடும் தொட்டிகளுக்கு நடுவே வருஷக்கணக்கில் நடந்ததில் குடைத்துணியிலும் ஏறிய வாடை. நீங்கள் கண்மூடி இன்னும் ஒரு மழைக்காலம்கூட முழுதாக முடியவில்லை.

தாராவியில் நம் தெருவுக்கு உங்கள் தாத்தா சொன்னதுதான் சட்டம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முதலில் வந்தவர் அவர். பின்னால் வந்த எங்களுக்கெல்லாம் குடிசை போட இடம் காட்டியவர். அவருக்குப் பிறகு உங்கள் அப்பா சங்கத் தலைவர். வருஷத்துக்கொரு முறை கூட்டம் கூட்டி, தலைவர் யார் என்று கேட்பார்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் கை தூக்குவோம். அதற்குத் தேர்தல் என்று பெயர். உலகச் சண்டைக் காலத்தில் அவர் பக்கவாதத்தில் படுத்தபோது, அடுத்தது நீங்கள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கும்தான்.

குழாய்தான் எல்லாவற்றையும் மாற்றியது. முனிசிபாலிட்டி தெருவுக்கென்று கொடுத்த ஒரே குழாயை உங்கள் அப்பா தன் வாசலில் வைத்துக்கொண்டார். தெருவின் மேல்பக்கத்தில் இருந்த உங்கள் சொந்தக்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் கீழ்ப்பக்கத்து எங்கள் பெண்களுக்குத் தண்ணீர். ஒரு நாள் என் மனைவி காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள். "ஒண்ணு, நீங்க தலைவருக்கு நில்லுங்க. இல்லன்னா நாளையிலருந்து குழாயில நீங்க போய் நில்லுங்க" என்றாள்.

உங்களுக்குத் தெரியாமல் நிற்க மனம் வரவில்லை. இரானி டீக்கடையில் உங்களைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன்.

"நில்லுல. ஆனா இந்தக் கை தூக்குத சோலி வேண்டாம். எங்க அப்பா வாசல்ல கட்டில்ல கிடந்து பாத்துக்கிட்டிருக்கும்போது எவன் உனக்குக் கை தூக்குவான்? மறைவாப் போடட்டும். பொம்பளையளும் போடட்டும். தண்ணி சுமக்கது அவியதான?"

"அண்ணாச்சி, அப்படின்னா நீங்க தோத்துருவிய."

சாசரில் ஊற்றிய தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தீர்கள். "ஊரைக் கேக்காம உக்காந்தா அது எங்க தாத்தா நாற்காலிதான். எனக்கு என்னல மரியாதை அதுல?"

குயவர்கள் தெருவிலிருந்து இரண்டு பானை வாங்கி வந்தோம். சுண்ணாம்பு பூசியது உங்களுக்கு, பூசாதது எனக்கு. சாக்குத் திரைக்குப் பின்னால் போய் ஆளுக்கொரு புளியங்கொட்டை போட வேண்டும். முதல் முறையாக ஓட்டுப் போட வந்த பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

எண்ணியபோது என் பானையில்தான் கொட்டை அதிகம். முடித்ததும் உங்கள் சித்தப்பா மகன் கம்போடு வந்தான். அவன் பின்னால் மேல்பக்கத்து ஆண்கள் திரண்டு நின்றார்கள். "பொம்பளைய போட்டது செல்லாது. பானைய உடைங்கல" என்றான். நீங்கள் நடந்து வந்து என் பானையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டீர்கள். "எண்ணியாச்சு. அவந்தான் தலைவர். இத உடைக்கணும்னா முதல்ல என்னைத் தள்ளு" என்றீர்கள். குரலை உயர்த்தவே இல்லை. கம்பு மெல்லத் தாழ்ந்தது.

உங்கள் அப்பா வீட்டில் அன்றிலிருந்து உங்களுக்குச் சோறு இல்லை. மயினியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆண்டாப் ஹில்லில் ஒற்றை அறைக்குப் போனீர்கள். நான் அங்கே வந்து நின்றபோது, சுவரில் பலகை அடித்துக்கொண்டிருந்தீர்கள். "குழாய் இங்க கைக்கெட்டுத தூரத்துல இருக்குல" என்று சொல்லிச் சிரித்தீர்கள். மயினி சிரிக்கவில்லை.

நான் கூட்டிய முதல் கூட்டத்துக்கு மேல்பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அவரவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்போது நீங்கள் அவ்வளவு தூரம் நடந்து வந்து, கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். உங்கள் வீட்டார் யாரும் அந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. "தலைவர், ஆரம்பிங்க" என்றீர்கள். அதுவரை என்னை 'ஏல' என்று மட்டுமே கூப்பிட்டவர். பிறகுதான் ஒவ்வொருவராக வாசலை விட்டு இறங்கி வந்தார்கள். அடுத்த மாதம் குழாயைத் தெரு நடுவுக்கு மாற்றினோம். அதைச் செய்தது நான் என்று ஊர் சொல்கிறது. நீங்கள் வந்து உட்காராமல் இருந்திருந்தால் என் தலைமை ஒரு வாரம் தாங்கியிருக்காது.

இப்போது நாட்டுக்கே சுதந்திரம் வந்துவிட்டது. ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு வரப்போகிறது என்று பத்திரிகையில் போடுகிறான். நம் தெருப் பெண்கள், "எங்களுக்கு அது பழைய சோலிதான்" என்கிறார்கள்.

போன வாரம் தெருப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டதால் விலகப்போவதாகச் சொல்லியிருந்தேன். "அதுக்கென்ன, உங்க தம்பிய உக்கார வச்சிருவோம். நல்லது செஞ்ச குடும்பம். எதுக்கு வீணா ஓட்டு?" என்றார்கள். அண்ணாச்சி, அதைக் கேட்டதும் உள்ளுக்குள் ஒரு கணம் இனித்தது. ஒரே தலைமுறையில் எனக்கே இப்படி இனிக்கிறதென்றால், மூன்று தலைமுறை ருசியை நீங்கள் எப்படி ஒரு சாயங்காலத்தில் இறக்கி வைத்தீர்கள்?

ஓட்டு நடக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. "உனக்கு எம்மேல நம்பிக்கை இல்லையாண்ணே?" என்றான்.

"இருக்கு. அதனாலதான் ஊரைக் கேளுன்னு சொல்லுதேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். மனம் கனத்தது. ஆனாலும் சொன்னதை மாற்றத் தோன்றவில்லை. அந்த உறுதி என் சொந்தச் சரக்கில்லை, அண்ணாச்சி. உங்கள் அப்பா வீட்டு அடுப்பு உங்களுக்கு அணைந்துபோன நாட்களை அருகிலிருந்து பார்த்ததில் எனக்கு வந்து சேர்ந்தது.