ஸ்டெல்லா அன்ரியின் முகம்

என் அன்பு அண்ணா,

நீங்கள் பாதியில் விட்டுக் கண்மூடிய படத்தை இன்று முடித்துவிட்டேன். சந்தோஷம் வரவில்லை, அலுப்புத்தான் இருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் அதே அறை, அதே கணினி. ரயில் போனால் இன்னும் மேசை ஆடுகிறது. நாட்டிலும் உங்களுக்குச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. காணாமல் போனவர்களைப் பற்றி இன்னொரு விசாரணை, தாய்மார் மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை ஸ்டெல்லா அன்ரியை நினைவிருக்கிறதா? சீருடையில் வந்தவர்கள் மகனை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிப்போனதை உங்கள் கமெராவுக்கு முன் சொன்னவர். அன்று தலைக்கு டை அடித்து, கண்ணாடியும் இல்லாமல் வந்து உட்கார்ந்தார். உங்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இந்தக் கறுத்த தலையோட துக்கத்தை எப்பிடிக் காட்டுறது?" என்று என்னிடம் முணுமுணுத்தீர்கள். பிறகு, அவருக்கு ஆபத்து வரக்கூடாதென்று முகத்தையே மங்கலாக்கச் சொன்னீர்கள்.

போன ஞாயிறு அவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். இடையிலேயே நிறுத்தச் சொன்னார்.

"பிள்ளை, என்ட முகம் எங்க?"

"அண்ணாதான் மறைக்கச் சொன்னவர் அன்ரி. உங்கட பாதுகாப்புக்கு."

"இந்த வயசில என்னை என்ன செய்யப் போறாங்கள்? அவன் எங்கயாவது இருந்து பாத்தா, அம்மா எண்டு எப்பிடித் தெரியும்? அதுக்குத்தானே டை அடிச்சனான். அவன் போகேக்க எனக்கு நரையும் இல்ல, கண்ணாடியும் இல்ல."

உலகம் பார்க்கட்டும் என்று நாங்கள் எடுத்த படத்தில், மகன் பார்க்கட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கிறார். இது தெரிந்திருந்தால் மறைக்கச் சொல்லியிருப்பீர்களா?

பயம் எனக்கும் இருக்கிறது. சென்ற மாதம் இரண்டு பேர் வந்து, படத்தில் யார் யார் பேசுகிறார்கள் என்று கீழே காவலாளியிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அதையும் அன்ரியிடம் சொன்னேன். "வரட்டும்" என்றார்.

மங்கலை எடுத்துவிட்டேன் அண்ணா. கோபிக்காதீர்கள்.

அடுத்த மாதம் ஹெவ்லொக் டவுனில் ஒரு சிறு மண்டபத்தில் காட்டுகிறோம். அன்றைக்கும் டை அடித்து, கண்ணாடி இல்லாமல்தான் வருவாராம்.

"கண்ணாடி இல்லாட்டி உங்களுக்குப் படம் தெரியாதே அன்ரி?"

"படம் நான் பாக்கவா? அவன் வந்து நிண்டா என்னைத் தெரிய வேணுமே."

படம் ஓடும்போது மண்டபத்தை இருட்டாக்கத்தான் வேண்டும். ஆனால் அன்ரியின் தலைக்கு மேலிருக்கும் விளக்கை மட்டும் அணைக்க விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

முதன்முறையாக உங்கள் சொல்லைத் தட்டிய
தங்கை