கோடாங்கி தேடிய பேய்

திருப்புல்லாணி,
விளம்பி வருடம், பங்குனி 9.

அன்புள்ள சேதுலட்சுமிக்கு, உன் புருஷன் தவசி எழுதிக்கொண்டது. இங்கே மாடு, கன்று, வைக்கோல்போர் எல்லாம் சுகம். நானும் சுகமென்று எழுதினால் உன் அண்ணனுக்குப் பொறுக்காது; ஆகையால் அதை விட்டுவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுச் சோணைமுத்து மீசைக்கு மை பூசிப் பெரியபட்டினம் போய், வேர்வையில் கன்னமெல்லாம் கறுத்துத் திரும்பினான். ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை; மை என்னுடையது.

என் அக்கா கருத்தம்மாள் நான் வைத்த குழம்பை நக்கிப் பார்த்து, "ஏலே, இதைக் குடிச்சா பேயே ஓடிரும்லே" என்றாள். பேய் என்ற சொல்லைக் கேட்டதும் சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டேன்.

வண்டியோட்டும்போதே தூங்கி விழுகிறேன் என்று போன வாரம் ராமநாதபுரத்தில் டாக்டரைப் பார்த்தேன். உடம்புக்குள் ஹார்மோன் என்று ஒரு சுரப்பு உண்டாம். சின்னப் பிள்ளைக்குச் சொட்டளவு. பதின்மூன்று பதினாலில் பொங்கி வருமாம். ஆணுக்குக் கண்மாய்த் தண்ணீர் போல வருஷக்கணக்கில் மெல்ல வற்றும். பெண்ணுக்குப் பிள்ளை உண்டானதும் ஏறி, பெற்றதும் சட்டென்று இறங்கும்; ஐம்பதை ஒட்டி ஏறியிறங்கி ஆட்டம் காட்டி அடங்கும். அப்போது உடம்பு தீயாய் எரியும், தூக்கம் போகும், கோபம் வரும் என்றார். "பேய் பிடிச்ச மாதிரியாய்யா?" என்று கேட்டேன். "பேயுமில்ல, பிசாசுமில்ல. கூட இருக்கவுக பொறுத்துப் போனாப் போதும்" என்றார்.

உமையாளைப் பெற்ற எட்டாம் நாள் நீ விடாமல் அழுதாய். பொட்டப்பிள்ளை என்று அழுகிறாள் என ஊரெல்லாம் கேலி பேசினேன். அவள் பெரியவளானபோது பச்சை ஓலையில் குடிசை கட்டி, உளுந்தங்களி கிண்டி ஊரைக் கூப்பிட்டோம். அதே சுரப்பு உன்னைவிட்டுப் போகும்போது, மார்கழிப் பனியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறாளே என்று, பேயோட்டக் கோடாங்கி கூத்தையாவைக் கூப்பிட்டேன்.

அவன் உடுக்கையடித்து, "நீ யாரு? எங்கிருந்து வாரே?" என்றான். "நான் சேதுலட்சுமி. இது என் வீடு" என்றாய். பேய் பொய் சொல்கிறது என்று வேப்பங்குழையால் அடித்தான். மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் நீ என்னைப் பார்த்துத்தான் சொன்னாய். உன் முடியை அசையவிடாமல் பிடித்திருந்தது நான்.

அன்று வேடிக்கை பார்த்த அத்தனை பேரையும் நேற்றுக் கூட்டி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். "பொண்டாட்டி இல்லாம தவசிக்குத்தான் பேய் பிடிச்சிருச்சு" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் கடலாடிக்கு வருகிறேன். உன் அண்ணன் வீட்டுப் படியேற மாட்டேன். பஸ் நிற்கிற புளியமரத்தடியிலேயே இருப்பேன். மனமிருந்தால் வா. இல்லையென்றால் யாரிடமாவது சொல்லியனுப்பு. அதைச் சொல்ல நீ நடந்து வராதே. பங்குனி வெயில், உன் உடம்பு தாங்காது.

இப்படிக்கு,
தவசி