நிற்காத உருளை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். கையெழுத்து என்னுடையதாக இருக்கிறதே என்று பயப்படாதே, அம்மாவின் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது, சின்னக் காயம்தான் என்றும் எழுதச் சொன்னாள். சின்னக் காயம் இல்லை அண்ணா. அவள் அடுப்படியில் இருக்கிறாள், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் முதலில் கவனித்தது டம்ளர்களை. ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் எங்கள் சலவைக்கூடத்தில் ஜன்னல் பலகைமேல் எல்லோருடைய டம்ளரும் ஒன்றாகக் கவிழ்ந்திருக்கும், யாருடையதில் யார் குடித்தாலும் கேட்பாரில்லை. ஒரு நாள் பலகை காலியாக இருந்தது, அவரவர் டம்ளர் அவரவர் பைக்குள் போய்விட்டது. புது மேற்பார்வையாளர் வந்த பிறகுதான் இப்படி. நடக்கிற சத்தமே கேட்காது, அதனால் அவருக்குப் பூனை என்று பெயர். திட்டவே மாட்டார், பக்கத்தில் வந்து, உங்களைப் பத்தி ஒருத்தங்க சொன்னாங்களே என்பார், அவ்வளவுதான், யார் சொன்னது என்று தெரியாமல் எல்லோரும் எல்லோருக்கும் பயப்படுகிறோம். பெல் அடித்த பிறகும், இந்த ஒரு வண்டித் துணிய முடிச்சிட்டுப் போயிடலாம்டி, பாவம் நோயாளிங்க என்று நிற்கிற அம்மா, இப்போது பெல் அடித்ததுமே பாதி மடித்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பைத் தேடுகிறாள்.

தேய்க்கும் சூட்டு உருளைக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு உண்டு, இழுத்தால் உருளை சட்டென்று நிற்க வேண்டும். பழைய மேற்பார்வை அக்கா தினமும் காலையில் அதை இழுத்துப் பார்த்து, பத்து விரலோட வீட்டுக்குப் போங்கடி என்று சிரிப்பாள். பூனை அதை வீண் வேலை என்று நிறுத்திவிட்டார். கயிறு சரியில்லை என்று சொன்ன, எங்களோடு வேலை பார்க்கும் அத்தையை மறுநாளே அழுக்கு மூட்டை பிரிக்க அனுப்பினார். அதற்குப் பிறகு யாருக்கும் வாய் இல்லை. அம்மாவின் கை விரிப்போடு உள்ளே போனபோது எதிரில் நின்ற நான்தான் இழுத்தேன், உருளை நிற்கவில்லை. அவளே கையைப் பிடுங்கிக்கொண்டாள். அதை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டு, என் கவனக்குறைவு சார் என்று பூனையிடம் சொன்னாள் அண்ணா.

நாளைக்கு அதே இடத்துக்குப் போகிறாளாம். நீ வாயைத் தொறக்காத, உன் வேலையும் போயிடும் என்கிறாள். நான் வாயைத் திறக்கிற ஆளா, பள்ளிக்கூடம் போன காலத்திலேயே உள்ளேன் டீச்சர் சொல்லக் குரல் வராதே எனக்கு.

நீ நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசி. மழையில் நனையாதே. உன் வேலையிடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா என்று மறக்காமல் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
அம்மா சொல்ல எழுதிய
உன் தங்கை

அண்ணா, உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று காலை அம்மா கட்டுக் கையோடு உருளை முன்னால் போய் நின்றாள். அவள் விரிப்பை வைப்பதற்குள் கயிற்றை இழுத்துவிட்டேன். உருளை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது, எல்லோரும் பார்த்தார்கள். யார் இழுத்தது என்று முதுகுக்குப் பின்னால் பூனையின் குரல் கேட்டது. அம்மா, வேண்டாம் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

நான் கையைத் தூக்கினேன்.