பட்டியலில் சேராத கோப்பு

நாள் 41 – 07:10
நிலா நிலையம், தென்முனை. பதிவு: எஸ்தர் கனகமணி, கணினிப் பொறியாளர். காற்று, மின்சாரம் சரி. உள்ளே நான் மட்டும். பாறை ஆய்வாளர் பெருமாள் அண்ணன் வண்டியில் வெளியே போயிருக்கிறார். என் மடிக்கணினியும் நலம். அதில் எந்த நிரலையும் கையால் நிறுவ மாட்டேன். என்னென்ன வேண்டும் என்று கோப்பில் எழுதி இயக்குவேன். கணினி தன்னை அப்படியே ஆக்கிக்கொள்ளும். எழுதாததைத் துடைத்துவிடும். அந்தச் சுத்தத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

நாள் 43 – 09:35
சூரியப் புயலில் நிலையத்தின் பெரிய கணினி கருகிவிட்டது. பூமியோடு தொடர்பில்லை. சுவர் வழியே வேறு காற்று கசிகிறது. விடாமல் நிரப்பினால்தான் மூச்சு. பதற்றத்தில் மடிக்கணினியை இணைத்து, காற்று நிரலைக் கையாலேயே நிறுவினேன். காற்று வந்தது. கோப்பில் நாளை எழுதிக்கொள்ளலாம்.

நாள் 44 – 11:20
அண்ணன் வாசலில். வண்டியில் ஆறு மணி நேரக் காற்று. பெரிய கணினி போனதால் கதவும் தானாகத் திறக்காது. கதவு நிரலைப் புதுக் கோப்பில் எழுதி இயக்கினேன். திரை: "மாற்றம் எதுவும் இல்லை." கதவு அசையவில்லை.

14:05
வானொலியில் அண்ணன்: "எஸ்தரு, தொறக்கலியேம்மா. அவசரமில்ல, நீ பதறாத."
நான்காம் முறை எழுதினேன். அதே பதில். பயமாக இருக்கிறது.

16:40
தலையில் அடித்துக்கொண்டேன். புதுக் கோப்பைப் பதிவுப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. சேர்க்காத கோப்பு கணினியின் கண்ணில் படாது. இதற்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! ஊருக்குத்தான் உபதேசம்.

16:52
சேர்த்தேன். இயக்கியதும் வெளிக்கதவு திறந்து மூடியது. அண்ணன் இரண்டு கதவுகளுக்கும் இடையிலுள்ள நடு அறைக்குள் வந்துவிட்டார். அழுதேவிட்டேன்.

16:58
விசிறிச் சத்தம் இல்லை.
இதுவரை மாற்றம் இல்லை என்று சும்மா இருந்த கணினி, இப்போது தன்னைப் புதிதாக ஆக்கிக்கொண்டது. கோப்பில் எழுதாத காற்று நிரலைத் துடைத்துவிட்டது. நடு அறையில் காற்று நிரம்பாமல் உட்கதவு திறக்காது. என் விண்ணுடையும் அங்கேதான் தொங்குகிறது.
அண்ணன்: "எம் உடையில நாப்பது நிமிஷம் இருக்கும்மா. நீ எழுது."

17:24
நினைவிலிருந்து எழுதுகிறேன். வரிகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. அண்ணன் பேசுவதை நிறுத்திவிட்டார், கதவைத் தட்டுகிறார். நானும் தட்டினேன்.

17:33
முடிந்தது. காற்றுக் கோப்பைப் பட்டியலில் சேர்த்தேன். சேர்த்ததாகத்தான் நினைவு. இயக்கினேன்

திரை: "மாற்றம் எதுவும் இல்லை."