அவர் மேல் வந்த வாசனை

மார்ச் 3, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பு உயிரியல் வினாத்தாளும் விடைக்குறிப்பும் எழுதி முடித்து, உறையில் போட்டு ஒட்டி, தலைமையாசிரியர் மேஜையில் வைத்தாயிற்று. சுரப்பிகள் பாடத்திலிருந்து ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று. பதினோரு வருடமாக அதே நோட்ஸ்தான். வகுப்பில் வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகும், மனசு கடையில் நின்று காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்காரர் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை. ஆணியைச் சுடவைத்துக் குத்தியிருக்கிறார். "டயட்டா?" என்று கேட்டேன். ஆமாம் என்கிறார், வாய் கூசாமல். நேற்று இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாக முடித்தவர்! கல்யாணமான நாளிலிருந்து நான் கரடியாகக் கத்தியும் குறையாத தொப்பை, இப்போது யார் சொல்லிக் குறைகிறது?

மார்ச் 5, வியாழன்

புதுக் கண்ணாடி. கறுப்பு ஃப்ரேம், முகத்துக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. பழைய கண்ணாடி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எதற்கு என்று கேட்டால் "சும்மாதான்" என்று தலையைச் சொறிகிறார். சும்மா யாராவது கண்ணாடி மாற்றுவார்களா?

ஸ்டாஃப் ரூமில் 'அமிலம்' ஆரம்பித்துவிட்டாள். வேதியியல் டீச்சர், அவள் நாக்குக்காக நாங்கள் வைத்த பெயர். வீட்டுக்காரர் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூல் காரை பூங்கா ஓரம் மரத்தடியில் பார்த்தாளாம். நாலரை மணி, சீட்டு பின்னால் சாய்ந்திருந்ததாம். "நான் ஒண்ணும் சொல்லலப்பா, பார்த்ததைச் சொன்னேன்" என்று டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். சொல்வதையெல்லாம் சொல்லிவிட்டு இது வேறு.

நாலு மணிக்கு இவருக்கு ஒரு பார்லர்காரிக்குக் கிளாஸ். சொந்தமாக பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள், கார் ஓட்டப் பழகுகிறாள். இரண்டு மாதமாகப் பழகுகிறாள். அப்படி என்ன பழக்கம்?

மார்ச் 6, வெள்ளி

ஆறாம் வகுப்புக்குப் புலன்கள் பாடம். ஐந்து சின்னப் பாட்டில் கொண்டுபோய், கண்ணைக் கட்டி, முகர்ந்து சொல்லச் சொன்னேன். வினிகர், காபித்தூள், சோப்பு, எலுமிச்சை, நெயில் பாலிஷ் ரிமூவர். கடைசிப் பாட்டிலுக்குப் பாதிப் பேர் பழம் என்றார்கள், பாதிப் பேர் பெயின்ட் என்றார்கள். வகுப்பே சிரித்தது.

சாயங்காலம் இவர் வந்து, சாவியை மாட்டிவிட்டு, என் பக்கம் குனிந்து "தண்ணி இருக்கா?" என்றார்.

ஐந்தாவது பாட்டில். அதே வாசனை.

இவருக்கு எங்கிருந்து வருகிறது நெயில் பாலிஷ் ரிமூவர்? என் மகள் நகம் கடிப்பவள், நான் சாக்பீஸ் கை. வீட்டில் இருந்த ஒரே பாட்டிலும் பள்ளிக்கூட அலமாரியில் இருக்கிறது. தண்ணீரை மேஜையில் சிந்திவிட்டேன். அவர் மிச்சத்தையும் சேர்த்து மூன்று டம்ளர் குடித்தார்.

மார்ச் 8, ஞாயிறு

அழக்கூடாது. நான் அறிவியல் படித்தவள். சந்தேகம் வந்தால் சோதனை செய்ய வேண்டும்.

மிச்சமிருந்த செய்முறை நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டேன். தேதி. வந்த நேரம். தண்ணீர் எத்தனை டம்ளர் (வேர்த்து விறுவிறுத்து வருகிறாரே, எதற்கு?). எடை, தெரிந்தால். வாசனை உண்டா இல்லையா. கடைசிக் கட்டம் 'பா'. பார்லர்காரிக்குக் கிளாஸ் இருக்கும் நாளில் அதில் ஒரு டிக். வாசனையும் 'பா'வும் ஒரே நாளில் விழுந்தால் தீர்ந்தது கதை.

இன்று ஞாயிறு, கிளாஸ் கிடையாது. ஆனால் வாசனை இருக்கிறது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையும் சந்திக்கிறார்கள்! காலையில் காற்று அடிக்க என்று காரை எடுத்துக்கொண்டு போனாரே.

மார்ச் 11, புதன்

நான்கு நாளும் வாசனை. 'பா' உள்ள நாள், இல்லாத நாள் என்று வித்தியாசமே இல்லை. சட்டையைக் கூடையிலிருந்து எடுத்து முகர்ந்து பார்த்தேன். காலர், கை, பாக்கெட். வெறும் வியர்வைதான். வாசனை துணியில் இல்லை. பேசும்போதுதான் வருகிறது. வாயிலிருந்து.

வாயிலிருந்து என்றால் என்ன அர்த்தம்? எழுதவே கை கூசுகிறது.

மகள், எங்கள் சில்வண்டு, ஓயாமல் பேசுவாள், நேற்று அவர் மடியில் உட்கார்ந்து "அப்பா, நீ பழ மிட்டாய் சாப்பிட்டியா? எனக்கு ஏன் தரல?" என்று சண்டை போட்டாள். அவர் சத்தியமாக இல்லை என்றார். பத்து வயசுப் பிள்ளையிடம்கூடப் பொய்.

எடை: மருந்துக்கடை மெஷினில் ஏறினாராம். ஆறு கிலோ குறைந்ததாகப் பெருமையாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

கழிவறையில் எறும்புச் சாரை. பொடி தூவினேன். இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் நான்தான்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று நேராகக் கேட்டேவிட்டேன். நாலிலிருந்து ஐந்து வரை எங்கே போகிறீர்கள்?

"பார்லர் அம்மாவுக்குக் கிளாஸ். தெரிஞ்சதுதானே?"

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போய் வாந்தி எடுத்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம். வெளியே எங்கேயோ யாரோடோ எதையோ சாப்பிட்டிருப்பார். பாவம் என்றுகூடத் தோன்றவில்லை எனக்கு, அவ்வளவு ஆத்திரம். நோட்டில் எழுதினேன்: வாந்தி, ஒரு முறை. தண்ணீர், பதினாறு டம்ளர்.

மார்ச் 18, புதன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தப் பார்லருக்கே போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை.

கதவைத் திறந்ததும் மூக்குதான் முதலில் வேலை செய்தது. ஷாம்பூ, கருகிய முடி. ரிமூவர் வாசனை இல்லவே இல்லை. நகத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். நகமெல்லாம் செய்வதில்லையாம், முடி மட்டும்தானாம். பார்லர்காரிக்கு என்னைவிட வயது அதிகம், முழங்காலில் வலி, உட்கார்ந்தபடியே வேலை. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"சாருக்கு உடம்பு தேவலையா மேடம்? எனக்கு கிளாஸ் எடுக்கிறத நிறுத்தி ரெண்டு வாரமாச்சு. போர்டு எழுத்து சரியா தெரியலன்னு சொல்லி வேற ஆள மாத்தி விட்டாரு. பாதிலயே வண்டிய நிறுத்திட்டு பெட்ரோல் பங்க்குள்ள ஓடுவாரு. ஒரு நாள் நான் ஓட்டிட்டிருக்கேன், பக்கத்துல தூங்கிட்டாரு."

வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். இரண்டு வாரமாக இவளுக்குக் கிளாஸே இல்லை. அப்படியானால் நேற்று சொன்னது பச்சைப் பொய். அப்படியானால் நாலிலிருந்து ஐந்து வரை—

வேறொருத்தி. நகம் செய்கிற வேறொருத்தி.

மார்ச் 19, வியாழன்

ஆஸ்பத்திரி. உயிர் இருக்கிறது. நர்ஸிடம் பேனா இரவல் வாங்கி எழுதுகிறேன். இதற்கு மேல் முடியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

எழுதிவிட வேண்டும். எழுதினால்தான் மூச்சு வரும்.

நேற்று மதியம் ஸ்டாஃப் ரூமில் ஒன்பதாம் வகுப்புத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து மதிப்பெண் கேள்வி. ஒரு பெண் ஆறு குறிப்பு எழுதியிருந்தாள். எதற்கு மதிப்பெண், எதற்கு இல்லை என்று பார்க்க விடைக்குறிப்பை எடுத்தேன். என் கையெழுத்து, என் சிவப்பு மை.

'இன்சுலின் இல்லாதபோது: அதிக தாகம். அடிக்கடி சிறுநீர், அதில் சர்க்கரை. அதிகப் பசி, ஆனால் எடை குறைதல். பார்வை மங்குதல். சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடல் கொழுப்பை எரிப்பதால் மூச்சில் அசிட்டோன் வாசனை (நகப்பூச்சு நீக்கி போல).'

அதைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். பெல்ட், கண்ணாடி, பதினாறு டம்ளர், எறும்பு. ஐயோ. எறும்புகூட வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறது, நான் பொடி தூவியிருக்கிறேன்.

மணி மூன்றே முக்கால். போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். தாளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அமிலம்தான் தன் ஸ்கூட்டரில் பூங்காவுக்குக் கொண்டுபோய் விட்டாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் வாழ்நாளில் முதல் தடவை.

மரத்தடியில் கார். சீட்டு சாய்ந்திருந்தது. உள்ளே அவர் மட்டும். கதவோரம் வாந்தி. ஓடி வந்தவர் மாதிரி ஆழமாக, வேக வேகமாக மூச்சு. கார் முழுக்க ஐந்தாவது பாட்டில் வாசனை. உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கிளாஸ் முடிஞ்சுதா டீச்சர்?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்தி மீட்டரில் வைத்தார்கள். எண்ணே வரவில்லை, அதன் அளவைத் தாண்டிவிட்டதாம். இரத்தம் அமிலமாகிவிட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா. இளைத்துக்கொண்டே போகிற முப்பத்தொன்பது வயசு ஆளுக்கும் சர்க்கரை வருமா என்று கேட்டேன். பதினோரு வருடமாக வரும் என்று பாடம் நடத்திய நான் கேட்டேன்! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். உட்கார்கிறார், பேசுகிறார்.

எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு எடை குறைந்தது என்று டாக்டரம்மா கேட்டார். அவருக்கு ஒன்றும் நினைவில்லை. என் பையில் நோட்டு இருந்தது. கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தேன்.

டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் படித்தார். பிறகு கூட வந்த இளம் டாக்டர்களிடம் நீட்டி, "பாருங்க, வீட்ல இருக்கிறவங்க இவ்வளவு தெளிவா குறிச்சு வெச்சு நான் பார்த்ததே இல்ல" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இவர் படுக்கையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். அதிலிருந்து ஊசி போட வருகிற நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர், தரை துடைக்கிற அம்மா என்று ஒருவரையும் விடவில்லை. "எம்மேல கண்ணு வெச்சிட்டே இருந்திருக்காங்க எங்க டீச்சர்."

எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

மார்ச் 25, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. இனி ஆயுளுக்கும் இன்சுலின் ஊசி. கண் மங்கல் தானாகத் தெளியும், கார் ஓட்டலாம், அதுவரை பொறுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும்தான் அவர் உடைந்து அழுதார். கண் போனால் டிரைவிங் ஸ்கூல் வேலை போய்விடும் என்று பயந்துதான் யாரிடமும் மூச்சு விடவில்லையாம். இரண்டு கண்ணாடிக்கடை ஏறியிருக்கிறார். கிளாஸை விட்டுவிட்டு, அந்த ஒரு மணி நேரம் மரத்தடியில் தூங்கியிருக்கிறார்.

சாயங்காலம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் கேட்டார்: "கடைசிக் கட்டத்துல பா பான்னு போட்டிருக்கியே, அது என்ன பரிசோதனை?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் பூரித்துப்போய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதை இனிமேலும் என்னால் கேட்க முடியாது. சொல்லிவிட்டேன். பார்லர், சட்டை, வாசனை, வேறொருத்தி, எல்லாம்.

அவர் சிரிக்கவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை நாள் என்னையே பார்த்துட்டு இருந்திருக்க. ஒரு தடவை கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே."

"எங்க போனீங்கன்னு கேட்ட. எப்படி இருக்கீங்கன்னு கேக்கல."

நீங்களும்தான் சொல்லவில்லை என்று வாய் வரை வந்தது. அதுவும் நியாயம்தான். ஆனால் சொல்லவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இரண்டு நாளாகப் பேச்சில்லை. ஊசி நேரத்தில் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார், நான் போடுகிறேன். அவ்வளவுதான். சில்வண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

மார்ச் 30, திங்கள்

பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் மேஜையில் செய்முறை நோட்டு திறந்து கிடக்கிறது. தினமும் அளவு குறித்துவைக்கச் சொல்லி டாக்டரம்மா சொன்னதற்காக, என் கட்டங்களுக்குக் கீழேயே அவர் தொடர்ந்திருக்கிறார். கோணல் மாணலான அவர் எழுத்து. சர்க்கரைக்கும் ஊசிக்கும் இரண்டு கட்டம் புதிதாக இழுத்திருக்கிறார். தண்ணீர்: ஆறு டம்ளர். வாசனை: சில்வண்டு முகர்ந்தாள், இல்லையாம். கடைசிக் கட்டத்தையும் விட்டுவைக்கவில்லை.

பா: இல்லை.

நேற்றைக்கும் இல்லை. முந்தாநாளும் இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அப்படியே அழுகையும் வந்துவிட்டது. சில்வண்டு பயந்து ஓடிவந்தாள்.

பக்கத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் இழுத்தேன். மேலே தலைப்பு எழுதினேன்: 'எப்படி இருக்கீங்க?' எழுதி, நோட்டை அவர் பக்கம் தள்ளிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தபோது கட்டம் நிரம்பியிருந்தது.

'பசிக்குது.'