பாலம் இல்லை என்று சொன்னவளுக்கு

இன்று காலை குர்லாவில் ரயில் ஏறிய ஒருத்தியின் தோளில் புதுத் தோல்பை. அந்த வாசனை பெட்டிக்குள் பரவியதும், தாராவியில் உன் வீட்டுப் படியேறுவதுபோல் இருந்தது. கீழே உன் அப்பாவின் தோல்பைப் பட்டறை, மேலே ஒரே அறை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றையொன்று நெருங்கும் விண்மீன் மண்டலங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

"ரெண்டும் முட்டிக்கிட்டா வெடிச்சிராதாட்டி?" என்று உன் அம்மா ஒருமுறை கேட்டார்.

"முட்டாதும்மா. நட்சத்திரத்துக்கு நடுவுல அம்புட்டு எடம் கெடக்கு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து போயிரும். ஆனா அந்த இழுப்புல ரெண்டும் பழைய உருவத்துல இருக்காது."

எத்தனையோ ஆய்வுரைகள் கேட்டிருக்கிறேன். இத்தனை தெளிவாக யாரும் சொன்னதில்லை.

நாம் இருவரும் ஒரே குழுவில் தற்காலிக ஆய்வாளர்கள். நீ ஆராய்ந்த ஜோடி மண்டலங்களுக்கு நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தெரிந்தது. ஒன்றிடமிருந்து மற்றொன்று இழுத்த விண்மீன்களாலான பாலம் என்று எல்லோரும் கொண்டாடினோம். கருத்தரங்கில் நீ பேச வேண்டும். உன் வேலை நீட்டிப்பும் அதை நம்பித்தான் இருந்தது. உனக்கு மட்டும் அந்தக் கீற்று உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் கண்டுபிடித்துவிட்டாய்: பக்கத்திலிருந்த பிரகாசமான நட்சத்திரத்தின் ஒளி தொலைநோக்கிக்குள் பட்டுச் சிதறி விழுந்த கறை அது.

"யார் கவனிக்கப் போறா? அடிக்குறிப்புல போட்டுக்கலாம்," என்றார் குழுத் தலைவர்.

"நான் கவனிச்சிட்டேனே, சார்."

மேடையேறி, அந்தப் படத்தையே திரையில் போட்டு, இது பாலம் இல்லை என்று நீயே சொன்னாய். நீட்டிப்பு கிடைக்கவில்லை. செம்பூரில் ஒரு கல்லூரிக்குப் பாடம் எடுக்கப் போனாய். மாட்டுங்காவில் காபி குடிக்கையில், "அழுதியாடி?" என்று கேட்டேன்.

"அழுதேன். ஆனா நல்லா தூங்குனேன்."

அதற்குப் பிறகும் நீ விடவில்லை. கேட்டுக் கேட்டு, ஒருவழியாகத் தொலைநோக்கியில் மறுபடி நேரம் வாங்கினாய். அந்த நட்சத்திரம் படத்துக்குள் வராதபடி திருப்பி வைத்து, முன்பைவிட நெடுநேரம் ஒளியைச் சேர்த்தாய். கீற்று மறைந்தது. ஆனால் யாரும் பார்க்காத மறுபக்கத்தில், ஒரு மண்டலத்திலிருந்து நீண்ட வால் ஒன்று மங்கலாக வெளியே வந்திருந்தது. ஃபோனில் நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏட்டி, வந்து பாரு! எப்படியெல்லாமோ அழிச்சுப் பாத்துட்டேன். இது போவ மாட்டேங்குது!"

அந்த வாலைப் பற்றி நீ எழுதிய கட்டுரை அச்சாகி வந்ததைப் பார்த்தாய். அடுத்ததைத் தொடங்கியிருந்தாய். நோய் முந்திக்கொண்டது.

இப்போதெல்லாம் அழகான படம் ஒன்று கைக்கு வந்தால், அது எப்படியெல்லாம் பொய்யாக இருக்கலாம் என்றுதான் முதலில் பார்க்கிறேன். பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். எப்போதாவது ஒன்று எல்லாவற்றையும் தாங்கி நிற்கும். அந்த நிமிடத்தில் யாரிடம் சொல்வது என்று யோசிப்பதற்குள், என் கை உன் எண்ணைத் தேடிப் போய்விடுகிறது.